மார்கழியில் மீனைப் பட்டினி போடுங்கள்

கேள்வி இதுதான். கணவருக்கு மாற்றலாகி, கோயம்புத்தூரிலிருந்து டெல்லி ஆர்.கே. புரத்துக்குத் தரைத்தளக் குவார்ட்டர்ஸில் குடிவந்திருக்கிறார் ஒரு தங்கை. பின்கட்டில், முன்பு இருந்தவர்கள் கட்டிவிட்டுப் போன சிமென்ட் குளம் ஒன்று. ஆறடி நீளம், நாலடி அகலம், இரண்டரை அடி ஆழம். அதில் பத்துப் பன்னிரண்டு தங்கமீன், நான்கு கோய் கெண்டை. கூடவே ஊரிலிருந்து ரயிலில் பாட்டிலில் கொண்டுவந்த கப்பிகளையும் அதிலேயே விட்டிருக்கிறார். அமெரிக்க வீடியோக்களில் குளம் கண்ணாடி மாதிரி உறைந்து கிடப்பதைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. "டெல்லிக் குளிரில் குளம் உறையுமா? ஹீட்டர் வாங்கணுமா? பொங்கலுக்குப் பத்து நாள் ஊருக்குப் போகிறோம், மீனுக்கு யார் சாப்பாடு போடுவது?" என்று கேட்கிறார்.

நான் மயூர் விஹாரில் இருபது வருடத்துக்கு மேலாகக் கொல்லையில் மீன் வளர்க்கிறேன். முதல் மூன்று குளிர்காலத்தில் நிறைய மீனைக் கொன்றிருக்கிறேன். ஒன்றுகூடக் குளிரால் சாகவில்லை. எல்லாம் என் கைவரிசை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உறையாது. சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் இதுவரை பதிவானதிலேயே குறைந்த அளவு, 1935 ஜனவரி 16-ல் வந்த மைனஸ் 0.6 டிகிரி. நம் காலத்தில் 2021 புத்தாண்டு அன்று காலை 1.1 டிகிரிக்கு இறங்கியது. இப்படி ஒரு காலையில் திறந்தவெளியில் நிற்கும் கார் கூரையில் வெள்ளைப் பூச்சு விழும், பறவைக்கு வைத்த மண் தட்டில் மெல்லிய ஏடு கட்டினாலும் கட்டும். ஆனால் உங்கள் குளத்தில் இருப்பது அறுபது கன அடி, அதாவது சுமார் 1,700 லிட்டர். அவ்வளவு தண்ணீர் ஓர் இரவுக் குளிரில் உறைந்துவிடாது. சிமென்ட் தொட்டி பாதி மண்ணுக்குள் இருந்தால் இன்னும் பத்திரம். மண் ராத்திரி முழுக்கக் கொஞ்சம் சூடு கொடுத்துக்கொண்டே இருக்கும்.

செய்தியில் சொல்வது காற்றின் சூடு என்பதை மறக்க வேண்டாம். காற்று காலையில் 4, மதியம் 20 என்று குதிக்கும். குளத்துத் தண்ணீர் அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ மெதுவாக அசைந்துகொண்டிருக்கும். சாதாரண ஜனவரியில் என் குளம் காலை பத்து, பதினொன்று, மாலை பதின்மூன்று என்று நிற்கும். ஆகவே மீனுக்கு ஒரு ராத்திரி ரொம்பக் குளிராக இருப்பதைவிட, நாலு நாள் தொடர்ந்து வெயிலே வராமல் இருப்பதுதான் கஷ்டம். 2019 டிசம்பர் 30-ஆம் தேதி பகலிலேயே அதிகபட்சம் 9.4 டிகிரிதான், 1901-லிருந்து பார்த்தால் டிசம்பரில் அவ்வளவு குளிர்ந்த பகல் இருந்ததில்லை என்றார்கள். அந்த வாரம் என் குளத்தில் தண்ணீர் எட்டு டிகிரிக்கு வந்தது. தங்கமீன்கள் அடியில் கூழாங்கல் மாதிரி கிடந்தன. ஒன்றும் ஆகவில்லை.

முதலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். மீன் கடையில் கிடைக்கும் சாதாரணக் கண்ணாடிக் குழாய் போதும். நூலில் கட்டி அடிவரை இறக்கி, காலை ஏழு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் ஒரு வாரம் பார்த்து எழுதுங்கள். நான் கீழே சொல்லும் எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான்.

அவசரமான வேலை கப்பிதான். கார்த்திகை தீபத்துக்கு முன்னால் அவற்றை எடுத்து வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள். கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால், ஃபைட்டர், ஏஞ்சல் எல்லாம் வெப்ப நாட்டு மீன்கள். தண்ணீர் பதினைந்துக்குக் கீழே போனால் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. கோயம்புத்தூரில் இந்தக் கவலையே வந்திருக்காது. ஒரு நாற்பது லிட்டர் கண்ணாடித் தொட்டி, அதற்கு ஒரு சின்ன ஹீட்டர், அவ்வளவுதான். ஹீட்டர் செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் அதை இங்கே செய்யுங்கள்.

தங்கமீனும் கோயும் வேறு ஜாதி. இரண்டுமே கெண்டைக் குடும்பம், குளிர் நாட்டிலிருந்து வந்தவை. தங்கமீன் ஒரு விசித்திரமான பிராணி. ஐஸுக்கு அடியில் ஆக்ஸிஜனே இல்லாமல் போனால், உடம்பில் சேரும் லாக்டிக் அமிலத்தை ஆல்கஹாலாக மாற்றிச் செவுள் வழியாக வெளியே விட்டுவிடும். சொந்தமாகச் சாராயம் காய்ச்சிக் குளிர்காலத்தைக் கடத்துகிற மீன் அது. டெல்லி ஜனவரி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரே விதிவிலக்கு, உடம்பு உருண்டு, தலையில் கொண்டை வைத்தாற்போல் இருக்கும் ஒராண்டா, ராஞ்சு, முத்துச்செதில், கண்ணுக்குக் கீழே நீர்ப்பை தொங்கும் வகைகள். அழகுக்காக வளைத்து வளைத்து உருவாக்கியதில் அவற்றின் குடலும் காற்றுப்பையும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. குளிரில் தலைகீழாக மிதக்க ஆரம்பித்துவிடும். அந்த மாதிரி ஏதாவது இருந்தால் அதையும் உள்ளே எடுத்துவிடுங்கள். நீளமான, சாதா வால் உள்ளவை வெளியிலேயே இருக்கட்டும்.

டிசம்பரில் ஊருக்குப் போனால் சென்னைக் கொளத்தூரில் நல்ல மீன் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வராதீர்கள். தங்கமீன்தானே, குளிர் தாங்குமே என்று தோன்றும். டெல்லியில் இருக்கும் மீன் அக்டோபரிலிருந்து நாளுக்குக் கொஞ்சமாகக் குளிருக்குப் பழகியிருக்கும். சென்னையில் 27, 28 டிகிரியில் இருந்த மீனை இரண்டு நாள் ரயிலில் கொண்டுவந்து 11 டிகிரியில் இறக்கினால் அது தாங்காது. பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டால் சரியாகிவிடும் என்பதெல்லாம் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசத்துக்கு.

இனி சாப்பாடு. இதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

மீனுக்கு நம்மைப் போல உடம்புச் சூடு கிடையாது. தண்ணீர் எவ்வளவோ அவ்வளவு. பத்து டிகிரி குறைந்தால் அதன் உடம்பு வேலை ஏறக்குறைய பாதியாகிவிடும். கெண்டைக் குடும்ப மீனுக்கு இரைப்பையும் கிடையாது. வாயில் போட்டது நேராகக் குடலுக்குப் போகும். ஆகஸ்டில் சில மணி நேரத்தில் செரிக்கிற தீனி ஜனவரியில் நாள்கணக்கில் உள்ளேயே கிடக்கும். அது மட்டும் என்றாலும் பரவாயில்லை. மீனின் கழிவில் வரும் அமோனியாவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருப்பது ஃபில்டரிலும் சுவரின் பாசியிலும் இருக்கும் பாக்டீரியா. பத்து டிகிரிக்குக் கீழே அதுவும் போர்த்திக்கொண்டு படுத்துவிடும். மீன் தின்னாமல் மிச்சம் விட்டது, தின்று செரிக்காதது, வெளியே போனது எல்லாம் குளத்திலேயே தங்கிவிடும்.

இதெல்லாம் தெரிந்தாலும் கை நிற்காது. ஜனவரியில் நாலு நாள் மூடுபனிக்குப் பிறகு ஒரு மதியம் பளிச்சென்று வெயில் அடிக்கும். நாம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து ஆரஞ்சு உரிப்போம். மீனும் மேலே வந்து வாயைத் திறக்கும். ஐயோ பாவம், நாலு நாளாகப் பட்டினி என்று ஒரு பிடி போட்டுவிடுவோம். அதுவும் தின்றுவிடும். மேல்மட்டத்து அரை அடித் தண்ணீர் அந்த ஒரு மணி நேரம் பதினாறு டிகிரி, அதனால் அதற்குப் பசி வந்தது. நாலரை மணிக்கு வெயில் போனதும் மீன் அடிக்கு இறங்கிவிடும். ராத்திரி பத்து டிகிரியில் அந்தத் தீனி வயிற்றில் கிடக்கும். மூன்று நாள் கழித்து வயிறு உப்பி ஒன்று மிதக்கும்போது, "குளிர் தாங்கவில்லை போல" என்று சொல்லிக்கொள்வோம்.

என் கணக்கு இது. காலைத் தண்ணீர் பதினெட்டுக்கு மேலே இருக்கும்வரை வழக்கம்போல் போடலாம். அதற்குக் கீழே வந்தால் ஒருவேளை, அதுவும் மதியம். பதினைந்துக்குக் கீழே, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, கோதுமை முளை சேர்த்த இலகுவான தீனி. புரதம் அதிகமுள்ள, நிறம் ஏற்றுகிற தீனியெல்லாம் வேண்டாம். பன்னிரண்டுக்கு வந்துவிட்டால் டப்பாவை மூடிவிடுங்கள். பத்து டிகிரிவரை போடலாம் என்பவர்களும் உண்டு. டெல்லியில் ஒரே நாளில் மூன்று டிகிரி விழும் என்பதால் நான் பன்னிரண்டிலேயே நிறுத்திவிடுகிறேன். காலண்டரில் சொன்னால், தீபாவளிக்குப் பிறகு குறை, கார்த்திகை பாதியில் இன்னும் குறை, மார்கழி பிறந்தால் நிறுத்து. நமக்குத் தை பிறந்தால் வழி பிறக்கும். டெல்லி மீனுக்கு மாசி பிறக்க வேண்டும்.

எட்டு வாரத்துக்கு மேல் பட்டினியா என்று மனசு கேட்காது, தெரியும். ஐப்பசிவரை தின்ற கொழுப்பு அதன் உடம்பில் இருக்கிறது. சுவர்ப் பாசியைத் தேவைப்பட்டால் கொறித்துக்கொள்ளும். குளிரில் இளைத்துச் செத்த தங்கமீன் ஒன்றை நான் பார்த்ததில்லை.

அடுத்தது தண்ணீர் மாற்றுவது. இதில் டெல்லிக்கே உரிய தொல்லைகள் இருக்கின்றன, அமெரிக்க வீடியோவில் வராது.

மாடியில் இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் டேங்கின் தண்ணீர் ஜனவரிக் காலையில் கையை வைத்தால் கடிக்கும். அதே டேங்க், வெயில் அடித்தால் மூன்று மணிக்கு வெதுவெதுப்பாக இருக்கும். போர் தண்ணீர் இருக்கும் வீடுகளில் நிலைமை தலைகீழ். நிலத்தடி நீர் வருடம் முழுக்க இருபத்தைந்தை ஒட்டியே இருக்கும். குளிர்காலத்தில் பம்பிலிருந்து ஆவி பறப்பது அதனால்தான். பதினொரு டிகிரிக் குளத்தில் பாதியைக் காலி செய்துவிட்டு அதை நிரப்பினால் மீனுக்கு ஒரே மணி நேரத்தில் மார்கழியிலிருந்து பங்குனி. பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றினால் ஒன்றரை டிகிரிதான் கூடும், அது பாதகமில்லை. எந்தத் தண்ணீராக இருந்தாலும் மாதம் ஒருமுறை, பத்தில் ஒரு பங்கு, மதியம், மெல்லிய தாரையாக. அதுக்கு மேலே குளிர்காலத்தில் குளத்தைத் தொடாதீர்கள்.

குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினையும் கவனிக்க வேண்டும். குளிர்காலத்தில் யமுனையில் நீர் குறைந்து, ஹரியானா பக்கத்துக் கழிவால் அமோனியா ஏறிவிடும். வஜீராபாத், சந்திராவல் சுத்திகரிப்பு நிலையங்களில் உற்பத்தியைக் குறைத்தார்கள் என்று ஏறக்குறைய ஒவ்வொரு குளிர்காலமும் செய்தி வருவதைப் பார்ப்பீர்கள். அமோனியா கூடினால் குளோரினும் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும். இரண்டும் சேர்ந்தால் குளோரமின் ஆகும். சாதாரணக் குளோரின், வாளியில் ஒரு நாள் வைத்திருந்தால் பறந்துவிடும். குளோரமின் அப்படிப் போகாது. அதனால் டிசம்பர், ஜனவரியில் "ஒரு நாள் வைத்து ஊற்றினேனே" என்பதை நம்பாமல், மீன் கடையில் ஹைப்போ என்று கேட்டால் தரும் சோடியம் தயோசல்ஃபேட் படிகத்தை நூறு லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்துவிட்டு ஊற்றுங்கள். அது குளோரினை முறித்துவிடும், அமோனியா மிச்சம் நிற்கும். பத்தில் ஒரு பங்குதான் மாற்றுகிறோம், தண்ணீர் குளிராக இருக்கும்போது அமோனியாவின் விஷமும் குறைவு, ஆகவே தப்பித்துக்கொள்ளலாம்.

என் கைவரிசை என்றேனே, அதில் பெரியதைச் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் குளம் கிடையாது, இருநூறு லிட்டர் சிமென்ட் தொட்டிதான். ஒரு ராத்திரி தண்ணீரில் விரலை வைத்துப் பார்த்து மனசு உருகி, கீசரிலிருந்து இரண்டு வாளி கொதிக்கக் கொதிக்கப் பிடித்து ஓரமாக, மீன் மேலே படாமல், ரொம்பப் பக்குவமாக ஊற்றினேன். ஒன்பது டிகிரியில் இருந்த தண்ணீர் பதினாறு, பதினேழுக்கு ஏறியிருக்கும். மீன்கள் உற்சாகமாக நீந்தின. எனக்கும் பெருமை. விடியும்போது மறுபடி ஒன்பது. மூன்றாம் நாள் ஏழில் ஐந்து போய்விட்டன. ஒன்பது டிகிரியிலேயே விட்டிருந்தால் ஏழும் இருந்திருக்கும்.

ஹீட்டர் கேள்விக்கும் அதுவே பதில். 1,700 லிட்டரை ஒரே ஒரு டிகிரி ஏற்ற இரண்டு யூனிட் மின்சாரம் வேண்டும். பத்து டிகிரி ஏற்ற இருபது யூனிட். ஏற்றியதை ராத்திரி வானம் திரும்ப வாங்கிக்கொள்ளும், மறுநாள் மறுபடி. நடுவில் ஒரு மின்வெட்டு வந்தால் என் கீசர்க் கதைதான். குளிக்க வாளியில் போடுகிற இம்மர்ஷன் ராடைக் குளத்தில் போடுகிற யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; மீன் மட்டுமல்ல, கையை விடுகிற ஆளும் போய்விடுவார். ஏர் பம்ப், மோட்டார் எது வெளியே வைத்தாலும் அந்த லைனில் முப்பது மில்லியாம்ப் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கிற சுவிட்ச், இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். குவார்ட்டர்ஸ் பழைய கட்டடம் என்றால் கட்டாயம்.

சூட்டைப் புதிதாகக் கொடுக்காமல், இருக்கிறதை ஓட விடாமல் பிடித்துவைத்தால் போதும். குளத்தின் சூடு பெரும்பாலும் மேலே திறந்த வானத்துக்கும் காற்றுக்கும்தான் போகிறது. மூங்கில் குச்சியில் கூடாரம் மாதிரி ஒரு சட்டம் கட்டி, நர்சரிக்காரர்கள் செடிக்குப் போடுகிற கனத்த, ஒளி புகும் பாலித்தீனைச் சாயங்காலம் நாலு மணிக்கு மேலே இழுத்துவிடுங்கள். வடமேற்குப் பக்கம் தரைவரை மூடியிருக்கட்டும், கடுங்குளிர்க் காற்று வருவது அங்கிருந்துதான். தெற்கில் ஒரு சாண் இடைவெளி எப்போதும் திறந்தே இருக்க வேண்டும், தண்ணீர் மூச்சுவிட. காலை வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். மழை பெய்து மேகம் விலகிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் கட்டாயம் மூடுங்கள். மேற்கிலிருந்து வரும் மழைக்காற்று கடந்துபோன பின்தான் இமயமலைப் பக்கத்துக் குளிர் இறங்கும்.

குளத்தில் சின்ன நீர்வீழ்ச்சியோ நீரூற்றோ இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் டிசம்பர், ஜனவரியில் அதை நிறுத்திவிடுங்கள். மே மாதம் அறையைக் குளிர்விக்க ஜன்னலில் வைக்கிற கூலர் எப்படி வேலை செய்கிறதோ, அதே வேலையைத்தான் அது ராத்திரி முழுக்க உங்கள் குளத்துக்குச் செய்துகொண்டிருக்கும்.

ஏர் பம்ப் மட்டும் ஓடட்டும். குளிர்ந்த தண்ணீரில் ஆக்ஸிஜன் அதிகம் கரையும். முப்பது டிகிரியில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் என்றால் பத்து டிகிரியில் பதினொன்றுக்கு மேல். மீனுக்குத் தேவையும் குறைவு. அப்புறம் ஏன் பம்ப் என்றால், மூடுபனிக்காக. வாரக்கணக்கில் வெயில் வராவிட்டால் பாசியும் செடியும் பகலில் ஆக்ஸிஜன் தயாரிக்காது, ராத்திரி மட்டும் உறிஞ்சும். அடியில் சேறு அழுகிக்கொண்டிருந்தால் அதுவும் உறிஞ்சும். பம்பின் குழாய் நுனியில் குமிழி விடுகிற காற்றுக்கல்லை அடியில் போடாமல் பாதி ஆழத்தில் தொங்கவிடுங்கள். மேற்பரப்பு லேசாக நலுங்கினால் போதும், சமையல் மாதிரி கொதிக்க வேண்டாம்.

சேறு என்றதும் நினைவு வருகிறது. குளிர் வருமுன் செய்ய வேண்டிய பெரிய வேலை அதுதான், நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் நடுவில். தண்ணீர் இன்னும் இருபதுக்கு மேலே இருக்கும்போது அடிச்சேற்றை ஒரு குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். முழுக்கத் தேய்த்துப் பளபளவென்று ஆக்க வேண்டாம், சுவர்ப் பாசி இருக்கட்டும். தீபாவளி ராத்திரி குளத்தை ஒரு பழைய துணியாலாவது மூடுங்கள். பக்கத்து மொட்டைமாடியிலிருந்து கருகிய காகிதமும் மருந்துத் தூளும் எவ்வளவு விழுகிறது என்று மறுநாள் அந்தத் துணியைப் பார்த்தால் தெரியும். தாமரை, அல்லி இலைகள் மஞ்சளானால் தண்ணீருக்குள் கையை விட்டு அடியோடு நறுக்குங்கள். ஆகாயத்தாமரை பனியில் கருகி அழுகும், அதை முழுக்க வாரிவிடுங்கள். டெல்லியில் மரங்கள் ஒவ்வொன்றாக முறை வைத்து இலை உதிர்க்கும். அக்டோபரில் ஏழிலைப்பாலைப் பூ, டிசம்பரில் முசுக்கொட்டை இலை, இலவம் இலை, எல்லாம் முடிந்தது என்று நிமிர்ந்தால் பிப்ரவரி, மார்ச்சில் வேம்பும் அரசும். மேலே ஒரு வலை கட்டிவிட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே வேலை. மீன்கொத்தியும் மடையானும்கூட அந்த வலையோடு நின்றுவிடும். குளிரில் மீன் மெதுவாக நகர்வது அவற்றுக்கு நன்றாகவே தெரியும். அடியில் ஆறு அங்குல பிவிசி குழாய்த் துண்டு இரண்டு போட்டுவைத்தால் ஒளிந்துகொள்ள இடமாயிற்று.

மீன் அடியில் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு கூட்டமாக அசையாமல் கிடந்தால் அது தூக்கம் மாதிரி. குச்சியால் குத்திப் பார்க்காதீர்கள். விடியற்காலை மேலே வந்து வாயை வாயைத் திறந்தால் ஆக்ஸிஜன் போதவில்லை, உடனே பம்பைப் பாருங்கள். உடம்பில் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் பூஞ்சை; அந்த மீனை மட்டும் தனியாக ஒரு டப்பில், அதே குளத்துத் தண்ணீரில், லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் கல் உப்பு கரைத்து வையுங்கள். அயோடின் சேர்த்த தூள் உப்பு வேண்டாம்.

ஐஸ் பற்றிக் கேட்டீர்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். மாற்றல் உத்தியோகம், நாளைக்கே ஸ்ரீநகர் என்று வரலாம். அங்கே டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாளைச் சில்லை கலான் என்பார்கள். தால் ஏரியே உறைகிற காலம். தண்ணீர் நாலு டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்தால் லேசாகி மேலே வரும், மேலேயே உறையும். ஆகவே மேலே ஐஸும் அடியில் நாலு டிகிரித் தண்ணீரும் இருக்கும், மீன் அந்த அடியில் பிழைத்துக்கொள்ளும். அதற்கு ஆழம் வேண்டும். உங்கள் இரண்டரை அடி அங்கே போதாது, மூன்றடிக்கு மேல் வேண்டும், கோய் இருந்தால் நாலு. அங்கே மீனுக்கு வரும் கஷ்டம் மூடிய ஐஸுக்கு அடியில் அழுகல் வாயு தேங்குவதால். ஒரு ஓரத்தில் ஒரு ஓட்டை திறந்தே இருந்தால் அது போய்விடும். அந்த வீடியோக்களில் மிதக்கிற ஹீட்டரும் அந்த ஓட்டைக்காகத்தான் இருக்கிறது, குளத்தைச் சூடாக்க அல்ல. ஐஸைச் சுத்தியலால் உடைத்தால் அதிர்ச்சி தண்ணீர் வழியாக மீனைத் தாக்கும். அடுப்பில் சுடவைத்த பாத்திரத்தை அதன்மேல் வைத்தால் தானாக உருகித் துளை விழும். காற்றுக்கல்லையும் அடியிலிருந்து எடுத்து மேல்மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடியில் இருக்கிற நாலு டிகிரித் தண்ணீரைக் கலக்கி, மீனின் ஒரே கதகதப்பையும் கெடுத்துவிடும்.

டெல்லிக்கே வருகிறேன். குளிர் போனதும் நிம்மதியாகிவிட வேண்டாம். பிப்ரவரி கடைசியும் மார்ச்சும்தான் எனக்கு அதிகம் மீன் போன மாதங்கள். பகல் சட்டென்று 28 ஆகும், ராத்திரி 12. கிருமியும் ஒட்டுண்ணியும் சீக்கிரம் விழித்துக்கொள்ளும், மீனின் எதிர்ப்புச் சக்தி சாவகாசமாக விழிக்கும். உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி வருகிறதா, சுவரில் உடம்பைத் தேய்க்கிறதா என்று தினமும் பாருங்கள். காலைத் தண்ணீர் தொடர்ந்து ஒரு வாரம் பதினைந்துக்கு மேலே நின்ற பிறகு முதல் தீனி, ஒரு சிட்டிகை. வேகவைத்துத் தோல் உரித்த பச்சைப்பட்டாணியை நசுக்கிப் போட்டாலும் நல்லது, குடல் இளகும். ஃபில்டர் பாக்டீரியா பழையபடி வேலைக்கு வர இன்னும் சில வாரம் ஆகும். ஆகவே ஹோலிவரை கையைக் கட்டிக்கொண்டுதான் போட வேண்டும்.

பொங்கலுக்குப் பத்து நாள் தாராளமாகப் போய்வாருங்கள். மீனுக்கு யாரும் சாப்பாடு போட வேண்டாம். பாலித்தீனை வலையின்மேல் பாதி மூடி, பாதி திறந்து கட்டிவிட்டு, ஏர் பம்பை இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிட்டுக் கிளம்பலாம். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்பதாக இருந்தால் தீனி டப்பாவைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுங்கள். அதோடு பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொஞ்சம் அழுத்தியே சொல்லிவிடுங்கள். இந்த ஊரில் மீனுக்கு ஆட்டா உருண்டை போட்டால் புண்ணியம் என்று நம்பிக்கை, அதிலும் மகர சங்கராந்தி தான தருமத்துக்கு விசேஷமான நாள். ஒரு வருடம் நாங்கள் திரும்பி வந்தபோது குளத்தின் அடியில் முப்பது உருண்டைக்குக் குறையாமல் ஊறிக் கிடந்தது.